ஆப்பில் ஆடியோ கோடெக் சேர்க்கும் முன் உரிமம் பார்ப்பது எப்படி?

ஆடியோ ரெக்கார்டர் ஆப் எழுதுவதுதான் என் பிழைப்பு. அதில் ஒலியைச் சுருக்கிக் கோப்பாக்கவும், திரும்ப விரித்து இசைக்கவும் உதவுகிற நிரல்தான் கோடெக். புதிதாக இதில் இறங்குபவர்கள் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றே: “ஓப்பன் சோர்ஸ் லைப்ரரிதானே, அப்படியே போட்டுக்கொள்ளலாமா?” பெரும்பாலும் போடலாம். ஆனால் பார்க்க வேண்டியது இரண்டு. கோடு, அதாவது எழுதிய நிரல், எந்த உரிமத்தில் கிடைக்கிறது என்பது பதிப்புரிமை சமாச்சாரம். அந்தக் கோடு செய்கிற வேலையின் மேல் யாருக்காவது பேட்டன்ட் இருக்கிறதா என்பது வேறு. நிலத்தைக் கிரயம் செய்து கொடுத்தவர் ஒருவர், அதற்குப் போகிற வழி இன்னொருவர் பட்டாவில் இருக்கிற கதைதான்.

எம்பி3யையே எடுங்கள். எம்பி3 கோப்பை உருவாக்கும் லேம் என்கோடர் எல்ஜிபிஎல் என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமத்தில் இலவசம். இருந்தும் ஃபெடோரா என்ற லினக்ஸ் பல வருடம் எம்பி3யைத் தொடவில்லை, காரணம் பேட்டன்ட். 2016 நவம்பரில்தான் டிகோடிங்கை, அதாவது எம்பி3யை இசைக்கும் வசதியை, சேர்த்தார்கள். 2017 ஏப்ரல் 23 அன்று, எம்பி3 உருவாக்கத்தில் முக்கியப் பங்குள்ள ஜெர்மன் ஆய்வு நிறுவனமான ஃப்ரான்ஹோஃபர் தரப்பின் உரிமத் திட்டம் முடிந்தது. அப்புறம் என்கோடிங்கும் வந்தது. இன்று எம்பி3க்கு எல்ஜிபிஎல்லை மட்டும் மதித்தால் போதும்: லைப்ரரியை ஆப்போடு கலக்காமல் தனிக் கோப்பாக வைத்து இணையுங்கள் (டைனமிக் லிங்க்), உரிம வாசகத்தைச் சேருங்கள், அதன் மூலக்கோடு கிடைக்கச் செய்யுங்கள்.

ஒலி, வீடியோவைக் கையாளும் ஓப்பன் சோர்ஸ் கருவியான எஃப்எஃப்எம்பெக்கை நீங்கள் பயன்படுத்தினால் டெர்மினலைத் திறந்து, அதன் பெயருக்குப் பின் ஒரு ஹைஃபனும் பெரிய ‘எல்’ எழுத்தும் அடியுங்கள். கையிலிருக்கும் பில்ட் எந்த உரிமத்தில் வருகிறது என்று அதுவே சொல்லும். இயல்பாக எல்ஜிபிஎல். ‘எனேபிள்-ஜிபிஎல்’ போட்டுக் கட்டியிருந்தால் முழுவதும் ஜிபிஎல் ஆகிவிடும், அதாவது சேர்த்து வெளியிடும் உங்கள் ஆப்பின் கோட்டையும் திறக்கச் சொல்லும் கடுமையான உரிமம். ‘எனேபிள்-நான்ஃப்ரீ’ இருந்தால், இதைச் சட்டப்படி மறுவிநியோகம் செய்ய முடியாது என்று முகத்துக்கு நேராகவே எழுதிக் காட்டும். இணையத்தில் கிடைக்கிற ரெடிமேட் பில்டுகள் பலவற்றில் எக்ஸ்264 வீடியோவுக்காக ஜிபிஎல் போட்டிருப்பார்கள். ஆடியோ மட்டும் வேண்டுமென்றால் அது தேவையே இல்லை. நீங்களே கட்டிக்கொள்ளுங்கள்.

எம்பி3க்குப் பின் வந்த ஒலி பார்மட்டான ஏஏசியில்தான் நிதானம் தேவை. ஃப்ரான்ஹோஃபரின் எஃப்டிகே ஏஏசி என்ற லைப்ரரியின் கோடு திறந்தே கிடக்கிறது. ஆனால் கூடவே வருகிற நோட்டீஸ் கோப்பைத் திறந்தால், பேட்டன்ட் உரிமம் எதுவும் இதனால் தரப்படவில்லை என்று தனித் தலைப்பிட்டே எழுதியிருப்பார்கள். டெபியன் என்ற லினக்ஸ் அதை நான்-ஃப்ரீ (சுதந்திரமற்றவை) பகுதியில் வைத்திருக்கிறது. பேட்டன்ட் கட்டணம் வாங்குவது வயா என்ற தொகுப்பு அமைப்பு. ஏஏசியில் ஒலிக்கோப்பை வெளியிடுவதற்குக் கட்டணம் இல்லை, கோடெக் அடங்கிய பொருளை விற்பதற்குத்தான். அதனால் மொபைல் ஆப்பில் நான் என் கோடெக்கைச் சேர்ப்பதே இல்லை. ஆண்ட்ராய்டின் மீடியாகோடெக், ஐஃபோனின் ஆடியோடூல்பாக்ஸ் என்று கருவியிலேயே இருப்பதைக் கூப்பிடுகிறேன்.

பார்மட்டைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் உங்களிடம் இருந்தால் ஓப்பஸ் போடுங்கள். 2012ல் இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பின் தரமாக வந்தது. கோடு பிஎஸ்டி என்ற தளர்வான ஓப்பன் சோர்ஸ் உரிமம். ஜிஃப்.ஆர்க் (Xiph.Org) அமைப்பு, பிராட்காம், மைக்ரோசாஃப்ட் மூன்றும் தங்கள் பேட்டன்ட்களைக் கட்டணமின்றித் தந்திருக்கின்றன. ஓப்பஸை எதிர்த்து நீங்களே பேட்டன்ட் வழக்குப் போட்டால் அந்த உரிமை பறிபோகும். நியாயம்தான்!

இழப்பில்லாத ஒலிக்கு ஃப்ளாக். இதில் லைப்ரரி பிஎஸ்டி, கமாண்ட்லைன் கருவிகள் ஜிபிஎல். லைப்ரரியை மட்டும் எடுங்கள். ஆப்பிளின் இழப்பில்லாத கோடெக்கான ஏலாக் 2011 முதல் அப்பாச்சி 2.0 உரிமத்தில் இருக்கிறது, அந்த உரிமத்திலேயே பேட்டன்ட் அனுமதியும் உண்டு.

இந்தியப் பேட்டன்ட் சட்டத்தின் 3(கே) பிரிவு வெறும் கணினி நிரலுக்குப் பேட்டன்ட் கிடையாது என்கிறதே என்று சிலர் தெம்பாக இருப்பார்கள். ஆப் ஸ்டோரில் ஏற்றிய ஆப் அமெரிக்காவிலும் இறங்கும். அங்கே அந்தப் பிரிவு உதவாது.

ஆப் இல்லாமல் ஸ்பீக்கர், ரெக்கார்டர் போன்ற சாதனத்தையே விற்கப் போகிறீர்களா? அப்போது கணக்கு மாறும். ஓப்பஸுக்கும் வெக்டிஸ் என்ற நிறுவனம் சாதனத் தயாரிப்பாளர்களைக் குறிவைத்து ஒரு பேட்டன்ட் தொகுப்பை நடத்துகிறது. உற்பத்திக்கு அனுப்புமுன் பேட்டன்ட் வக்கீல் ஒருவரிடம் கோடெக் பட்டியலைக் கொடுத்துவிடுங்கள்.