மதுரையிலிருந்து பெங்களூருக்கு: குடும்பத்தோடு ஊர் மாறும்போது நான் செய்த தவறுகள்

வேலை மாற்றலாகிப் போகிறவருக்கு ஊர் மாறியதே சில நாள் தெரியாது. உட்கார ஒரு நாற்காலி, செய்ய வேலை, மதியம் கூட உட்கார்ந்து சாப்பிட நாலு பேர் என எல்லாம் முதல் நாளே கிடைத்துவிடுகிறது. மனைவி, பிள்ளைகள், வயதான அம்மா ஆகியோருக்குத்தான் எல்லாமே அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. 2023இல் மதுரையிலிருந்து பெங்களூருக்கு வந்தபோது எனக்கு இது உறைக்கவில்லை. நாங்கள் பட்ட சிரமங்களில் முக்கால்வாசி, அவர்களைக் கேட்காமல் நானே முடிவெடுத்ததால் வந்தவை.

முதலில் வீடு பார்த்த விதம். ஒரு சனிக்கிழமை தனியாக வந்தேன். அலுவலகத்திலிருந்து நாலு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் ஏழு வீடு பார்த்துவிட்டு, மாலைக்குள் முன்பணம் கொடுத்து இரவு ரயிலைப் பிடித்தேன். அலுவலகத்துக்குப் பத்தே நிமிடம் என்று பெருமை வேறு. ஆனால் மகளுக்கு இடம் கிடைத்த பள்ளி வெளிவட்டச் சாலைக்கு அந்தப் பக்கம். காலை ஏழு மணிக்கு முன்பே வேனில் ஏறிவிடுவாள். கீரை வாங்கக்கூட மனைவி ஆட்டோ பிடிக்க வேண்டும். அம்மா நடந்து போய்வர ஒரு கோயில் இல்லை, பூங்கா இல்லை. அந்த வீட்டில் யார் மிகக் குறைந்த நேரம் இருக்கப்போகிறாரோ, அவருடைய சௌகரியத்துக்காகத் தேடிய வீடு அது.

பள்ளியை முதலில் முடிவு செய்யுங்கள். வீடு அதற்குப் பக்கத்தில் அமையட்டும். வேலைக்குப் போகிறவர் மெட்ரோவில் போய்க்கொள்ளலாம். ஒயிட்ஃபீல்டு முதல் செல்லகட்டா வரையிலான ஊதா வழித்தடம் 2023 அக்டோபரில் முழுமையாகத் திறந்தது. எலெக்ட்ரானிக் சிட்டி வழியாகப் பொம்மசந்திரா போகும் மஞ்சள் வழித்தடம் 2025 ஆகஸ்டில் வந்தது. பதினோரு வயதுப் பெண் நெரிசலில் தூங்கி வழிவதைவிட, நாற்பது வயதுக்காரர் ரயிலில் நின்றுகொண்டு போவது எவ்வளவோ மேல்.

அடுத்தது தண்ணீர். இந்த ஊர்க்காரர்கள் வீடு பார்க்கப் போனால், "காவேரியா, போரா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் குழாயைத் திறந்து பார்த்தேன், தண்ணீர் வந்தது, அதோடு திருப்தியாகிவிட்டேன். அது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். இரண்டே மாதத்தில் வாளியின் உள்பக்கம் வெள்ளை பூத்தது. துவரம்பருப்பு வேக இரண்டு விசில் கூடுதலாகத் தேவைப்பட்டது. சீப்பில் வரும் முடியைச் சுருட்டி மனைவி என் மேசைமேல் வைக்க ஆரம்பித்தாள். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. 2024 கோடையில் அந்தப் போரும் வற்றியது. டேங்கர் லாரிக்காகக் காத்திருந்த இரவுகளில்தான் அண்டை வீட்டார் பெயர்கள் எல்லாம் எனக்குத் தெரிந்தன.

2007இல் மாநகராட்சியோடு சேர்ந்த 110 கிராமங்களுக்கான காவிரி ஐந்தாம் கட்டக் குடிநீர்த் திட்டம் 2024 அக்டோபரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. ஐ.டி. அலுவலகங்கள் நிறைந்த புறநகர்களில் பலவும் அந்தக் கிராமங்கள்தான். பகுதிக்குத் திட்டம் வந்துவிட்டது என்பதாலேயே உங்கள் கட்டடத்துக்கு இணைப்பு இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இணைப்பு உண்டா, வாரத்தில் எத்தனை நாள் திறக்கிறார்கள், சம்ப் எனும் நிலத்தடித் தொட்டி எவ்வளவு கொள்ளும், டேங்கர் செலவு யார் தலையில் என்பதையெல்லாம் வீட்டு உரிமையாளரிடம் கேளுங்கள். மாடியில் குடியிருப்பவரிடமும் ஒரு முறை கேளுங்கள். உரிமையாளர் பொய் சொல்வார் என்பதற்காக இல்லை. அவர் அங்கே குளிப்பதில்லை.

பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது பெங்களூரின் பழைய வழக்கம். பேசினால் இறங்குகிறவர்கள் உண்டு. நான் பேசவே இல்லை. காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. அது ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று கையெழுத்துப் போடுமுன் பாருங்கள். குடிபுகும் அன்றே சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள்.

வாடகை கட்டி மாளாது என்று 'லீஸ்' பக்கம் போகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நம் பக்கத்தில் ஒத்தி, போக்கியம் என்பார்களே, அதேதான். இருபது லட்சம் கொடுத்தால் மூன்று ஆண்டு வாடகை இல்லை, காலி செய்யும்போது பணம் முழுதாகத் திரும்பும் என்பது பேச்சு. மோசடி இரண்டு வழியில் நடக்கிறது. உரிமையாளரிடம் மாத வாடகைக்கு எடுத்த வீட்டை இடைத்தரகர் ஒருவர் உங்களுக்கு ஒத்திக்கு விட்டு, சில மாதம் வாடகை கட்டிவிட்டு மறைந்துவிடுவார். அல்லது வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருக்கும். தவணை நின்றதும் வங்கி வந்து கதவில் நோட்டீஸ் ஒட்டும். வில்லங்கச் சான்று பார்க்காமல், உரிமையாளரை நேரில் பார்க்காமல், பத்திரத்தைப் பதிவு செய்யாமல் இதில் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். வழக்கமான 11 மாத வாடகை ஒப்பந்தம் பதிவு இல்லாமல் ஓடுவதற்குக் காரணம், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான் பதிவுச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்குகிறது என்பது. மூன்று ஆண்டு ஒத்திக்கு அந்தச் சலுகை கிடையாது.

பிள்ளைகளைப் பாதி ஆண்டில் பிடுங்கி நட்டது நான் செய்ததிலேயே பெரிய தவறு. ஆகஸ்டில் வேலையில் சேர்ந்து, செப்டம்பரில் எல்லோரையும் அழைத்து வந்துவிட்டேன். நல்ல பள்ளிகளில் இடம் முடிந்திருந்தது. அடுத்த ஆண்டுச் சேர்க்கையே ஆறேழு மாதம் முன்னதாகத் தொடங்கிவிடும் ஊர் இது. மாநிலம் மாறுவதால் மாற்றுச் சான்றிதழில் கல்வி அதிகாரியின் மேலொப்பம் வேண்டும் என்று பள்ளியில் சொன்னார்கள். அதற்காகவே ஒரு தடவை மதுரைக்குப் போய்வந்தேன். வாங்கிக்கொண்டு வந்திருந்தால் ஒரு பயணம் மிச்சம். பிறகு கன்னடம். 2015ஆம் ஆண்டின் கன்னட மொழி கற்றல் சட்டப்படி இங்குள்ள பள்ளிகளில் கன்னடம் படித்தாக வேண்டும். ஆறாம் வகுப்பில் வந்து சேர்ந்தவள் ஒன்றாம் வகுப்பு எழுத்துகளை எழுதிப் பழகினாள். ஒரு கோடை விடுமுறை இடையில் கிடைத்திருந்தால் அதை அவமானமில்லாமல் கற்றிருப்பாள்.

அப்படியானால் ஒருவர் முன்னால் போய், குடும்பம் ஏப்ரலில் வருவதுதானே சரி? சரிதான், ஆனால் அதையும் ஒரு கல்வியாண்டுக்கு மேல் இழுக்காதீர்கள். தனியாகவே ஓராண்டு இருந்து பழகிவிட்டவர் வீட்டுக்குக் குடும்பம் விருந்தாளி போலத்தான் வந்து சேர்கிறது. என்னோடு அலுவலகத்தில் வேலை பார்க்கும் இருவர் வீடுகளில் இதைப் பார்த்துவிட்டேன்.

காகித வேலைகளில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எரிவாயு சிலிண்டரைச் சாமான் லாரியில் ஏற்றாதீர்கள். சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் பழைய ஏஜென்சியில் ஒப்படைத்து, வைப்புத்தொகையையும் அதற்கான சீட்டையும் வாங்கிக்கொண்டால், இங்கே அதைக் காட்டி இணைப்பு பெறலாம். பிற மாநில வண்டி 12 மாதத்துக்கு மேல் இங்கே இருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும். அதற்குப் பழைய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் தடையில்லாச் சான்று தேவை. வண்டிக்கடன் இருந்தால் வங்கியின் கடிதமும் சேரும். வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்ற படிவம் 8.

ஆதாரில் முகவரி மாற்றத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. கர்நாடகத்தில் 2023 ஜூன் முதல் 'சக்தி' திட்டத்தில் பெண்களுக்கு அரசுப் பேருந்து இலவசம், ஆனால் கர்நாடக முகவரி உள்ளவர்களுக்கு. என் மனைவி மதுரை ஆதாரோடு எட்டு மாதம் காசு கொடுத்துப் போய்வந்தாள். பணம் பெரிதில்லை. பஸ்ஸில் இருந்த அத்தனை பெண்களும் அட்டையைக் காட்ட, தான் மட்டும் சில்லறை தேடியது அவளுக்கு வெளியூர்க்காரி என்று தினமும் முத்திரை குத்தியது போல இருந்திருக்கிறது. மாற்றிக் கொடுக்க எனக்கு ஒரு மதியம் போதுமாயிருந்தது.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஊருக்கு ஓடுவதும் தவறு என்றுதான் சொல்வேன். வந்தே பாரத் 2024 ஆகஸ்டு முதல் மதுரைக்கும் பெங்களூருக்கும் ஓடுகிறது, ஆசை காட்டும். முதல் மூன்று மாதம் சனி ஞாயிறு இங்கேயே இருங்கள். நாங்கள் ஓடினோம், அதனால் ஆறு மாதம் வரை வீட்டில் இரண்டு பெட்டிகள் பிரிக்கப்படாமலே கிடந்தன. பொங்கலுக்குப் போக மட்டும் 60 நாள் முன்பு, முன்பதிவு திறக்கும் காலையிலேயே உட்கார்ந்துவிடுங்கள்.

அம்மாவின் முதல் டிசம்பர் இட்லி மாவோடு கழிந்தது. கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர், இரவில் 15 டிகிரிக்கு இறங்கும். மதுரைக் கணக்கில் இரவு ஆட்டி வைத்தால் காலையில் மாவு வைத்த இடத்திலேயே கல்லாக இருக்கும். "இந்த ஊரில் மாவுகூட என்னோடு பேச மாட்டேன் என்கிறது" என்றார். பிறகு மதியமே ஆட்டி, கம்பளியைச் சுற்றி அடுப்படி மூலையில் வைக்கக் கற்றுக்கொண்டார்.

அவருடைய பேச்சுத் துணைக்கு வழி செய்தது பேத்திதான். வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே, "பாட்டி, நம்ம 'ப' இவங்களுக்கு 'ஹ'" என்றாள். பால் என்றால் ஹாலு, பத்து என்றால் ஹத்து, புலி ஹுலி, பல் ஹல்லு. மாரத்தஹள்ளியின் ஹள்ளியும் திருச்சிராப்பள்ளியின் பள்ளியும் ஒன்றே. அம்மா அன்று முழுவதும் சொற்களை மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தார். மறுநாள் தெருமுனைப் பூக்காரியிடம் போய், மல்லிகையைக் காட்டி, "ஹூ, ஹத்து ரூபாய்க்கு" என்றார்.

"பத்து ரூபாய்க்கெல்லாம் வராது பாட்டி, முழம் முப்பது" என்றாள் அவள். கிருஷ்ணகிரிக்காரியாம்.