கிறிஸ்துவோடு அன்றாடம் பழக: தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாங்கூன் தமிழ்ச் சபைகளில் வளரும் பிள்ளைகள் பலருக்கு வீட்டில் தமிழ், பள்ளியிலும் வேலையிலும் பர்மிய மொழி, ஆலயத்தில் பழைய வேதாகமத் தமிழ். ஜெபம் என்றதும் அந்த மூன்றாவது மொழிக்குத் தாவிவிடுகிறார்கள். "கிருபாசனத்தண்டை வருகிறோம்" என்று தொடங்கி, நடுநடுவே "ஸ்தோத்திரம்" போட்டு, "ஆமென்" என்று முடித்து எழும்போது, காலையிலிருந்து மனசை அரித்துக்கொண்டிருந்த கவலை உள்ளேயே கிடக்கிறது. ஜெபம் வறண்டுபோக முதல் காரணம் இதுதான்.

சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் இயேசு பிதாவை எப்படிக் கூப்பிட்டார் என்று பாருங்கள். மாற்கு தம் சுவிசேஷத்தைக் கிரேக்கத்தில் எழுதினார். ஆனாலும் 14:36-இல் "அப்பா" என்ற அரமேயச் சொல்லை மாற்றாமல் வைத்தார். சிலுவையில் எழுந்த "எலோயீ" (என் தேவனே) என்ற கூப்பாட்டையும் 15:34-இல் அப்படியே விட்டார். உயிர் துடிக்கும் நேரத்தில் ஆண்டவர் வாயில் வந்தது அவர் வளர்ந்த மொழி. உங்களுக்குப் பர்மிய மொழியில்தான் அழ வருகிறது என்றால் அதிலேயே அழுங்கள். இரண்டு மொழியும் கலந்து வந்தால் கலந்தே பேசுங்கள். சபையில் முன்நின்று ஜெபிக்கும்போது சபையின் மொழி இருக்கட்டும். தனியாக இருக்கும்போது அதைக் கட்டாயமாக்க வேண்டாம்.

வேதம் வாசிப்பதிலும் இதே சிக்கல் உண்டு. தமிழ் நன்றாகப் பேசுகிற இளையோர் சிலர் தமிழ் எழுத்தை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறார்கள். கண்ணும் வாயும் ஓட, பொருள் பின்தங்கிவிடுகிறது. அவர்கள் ஒரே பகுதியை முதலில் தமிழிலும் பிறகு பர்மிய வேதாகமத்திலும் படிப்பது நல்லது. அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் 1834-இல் முடித்த பர்மிய மொழிபெயர்ப்பு இன்றும் வாசிக்கப்படுகிறது. தமிழில் நழுவிய வசனம் பல சமயம் அதில் பிடிபடும்.

அடுத்தது, அளவுக்கு மீறித் தொடங்குவது. புதுவருஷத்தில் "முழு வேதாகமம் ஒரே வருஷத்தில்" என்று தீர்மானம் எடுக்கிறோம். மொத்தம் 1,189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்றுக்கு மேல் படிக்க வேண்டும். ஜனவரி முடிவதற்குள் லேவியராகமம் வந்துவிடும். பலிகளின் விவரத்தில் திணறி, இரண்டு நாள் விட்டு, பாக்கி சேரச் சேர குற்றவுணர்வும் சேர்கிறது. பிறகு புத்தகத்தைத் திறக்கவே கூச்சமாகிறது. கிறிஸ்துவை அறிய வேண்டும் என்று தொடங்கியது கணக்கு முடிக்கிற வேலையாகிவிட்டது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் மாற்கு சுவிசேஷத்தை எடுங்கள். 16 அதிகாரம், 678 வசனம். நாளுக்கு 14 வசனம் போதும், ஏழு வாரத்தில் முடியும். அந்தப் பகுதியை இரண்டு முறை வாசியுங்கள். இயேசு இங்கே யாரிடம், என்ன செய்கிறார்? நோட்டில் ஒரே வரி எழுதுங்கள். பிறகு அந்த வரியைப் பற்றியே அவரிடம் பேசுங்கள். 10-ஆம் அதிகாரத்தில் பார்வையற்ற பர்திமேயுவிடம், உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று இயேசு கேட்கிறார். அவன் குறை எல்லாருக்கும் தெரியும்; ஆனாலும் அவன் வாயால் சொல்லக் கேட்கிறார். சற்று முன்புதான் தம் சீஷர்களான யாக்கோபையும் யோவானையும் இதையே கேட்டார். அவர்கள் மகிமையில் வலப்புறமும் இடப்புறமும் உட்கார இடம் கேட்டார்கள். இன்று உங்களைக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? அந்தப் பதிலே அன்றைய ஜெபம்.

நேரத்தை மணியடித்து வைப்பதும் இங்கே நிலைப்பதில்லை. கரண்ட் முறை வைத்து வருகிற ஊரில், வந்த நேரத்தில் தண்ணீர் ஏற்ற வேண்டும், சமைக்க வேண்டும், போனுக்குச் சார்ஜ் போட வேண்டும். ஆறு மணி ஜெபம் ஒரே வாரத்தில் அடிபட்டுப்போகும். தவறாமல் செய்கிற ஒரு வேலையோடு சேர்த்து வையுங்கள்: உலை கொதிக்கும் நேரம், பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும் பத்து நிமிடம். ஆறு பேர் ஒரே கூடத்தில் படுக்கிற வீட்டில், கதவைப் பூட்டித் தனியாக ஜெபிக்க மத்தேயு 6:6 சொல்லும் அறைவீட்டுக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். இயேசுவும் அதிகாலையில் வீட்டை விட்டு வெளியே போய்த்தான் தனித்து ஜெபித்தார் (மாற்கு 1:35). போனில் வாசித்தால் டேட்டாவை அணைத்துவிட்டு வாசியுங்கள்.

வேத வாக்குறுதி ஒன்றை அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையில் ஒரு எச்சரிக்கை. உங்களைக் குறித்த என் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று தேவன் சொல்லும் எரேமியா 29:11 பலர் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அதற்கு முந்தின வசனம் பாபிலோனில் எழுபது வருஷம் என்கிறது. அந்தக் கடிதம் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு எழுதப்பட்டது: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்துக்காக ஜெபியுங்கள். அட்டையை மட்டும் பிடித்துக்கொண்டு மார்ச்சுக்குள் விசா வரும் என்று காத்திருப்பவர், வராதபோது ஆண்டவர் ஏமாற்றிவிட்டதாக உடைந்துபோகிறார். எந்த அட்டை கிடைத்தாலும் அந்த அதிகாரம் முழுவதையும் ஒரு தரம் வாசித்துவிடுங்கள்.

உணர்ச்சி வரவில்லை என்றால் உறவே அறுந்துவிட்டதாக நினைப்பதும் தவறு. 88-ஆம் சங்கீதம் இருளில்தான் முடிகிறது. அதுவும் ஜெபப் புத்தகமாகிய சங்கீதத்தில்தான் இருக்கிறது.

கடைசியாக, எல்லாவற்றையும்விட அதிகம் சேதம் செய்வது இது: தவறிவிட்ட பிறகு, கொஞ்சம் திருந்தி வருகிறேன் என்று அவரைவிட்டு ஒதுங்குவது. ஒரு நாள் ஒரு வாரமாகும், வாரம் மாதமாகும். அவரை அறியேன் என்று மூன்று தரம் மறுதலித்த பேதுருவுக்கு இயேசு கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக் காத்திருந்தார் (யோவான் 21). சாப்பிட்ட பிறகுதான் கேள்வி கேட்டார். ஆகவே அன்றிரவே, செய்ததைப் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள். "ஏதாவது பாவம் செய்திருந்தால்" என்று மழுப்ப வேண்டாம். அதில் இன்னொருவர் காயப்பட்டிருந்தால், ஞாயிறு காணிக்கைக்கு முன் அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.