ஜயன்ட்ஸின் 2007 சீசன்: ஒரே ஒரு கேட்சை வைத்துக் கதை முடிக்காதீர்கள்

2008 பிப்ரவரி 3, அரிசோனாவின் கிளெண்டேல். எகிறிப் பிடித்த பந்தைத் தன் ஹெல்மெட்டோடு ஒரு கையால் அழுத்திக்கொண்டே தரையில் விழுந்தார் நியூயார்க் ஜயன்ட்ஸ் வீரர் டேவிட் டைரி. அந்தக் காட்சியை மட்டும் பார்த்துவிட்டு, அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை அந்த அணி அதிர்ஷ்டத்தால் ஜெயித்தது என்று பலர் சொல்கிறார்கள். அந்த சீசனைப் பற்றி நடக்கும் பெரிய தவறு இதுதான். கேட்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை.

முதலில் ஒரு சின்ன விஷயம். இறுதி ஆட்டம் 2008இல் நடந்தாலும் அது 2007 சீசன்தான். ஆண்டைக் குழப்பிக்கொண்டால் வேறு சீசனின் கணக்கைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

முதல் இரண்டு வாரத்தை வைத்து அணியை எடைபோடுவது அடுத்த தவறு. டல்லாஸிடம் 45, கிரீன் பேயிடம் 35 என்று இரண்டே ஆட்டத்தில் ஜயன்ட்ஸ் 80 புள்ளிகளை வாரிக் கொடுத்தது. தடுப்பாட்டப் பயிற்சியாளர் ஸ்டீவ் ஸ்பாக்னுவோலோ அந்த அணிக்கு அப்போதுதான் வந்திருந்தார். மூன்றாவது வாரம் வாஷிங்டனில் இடைவேளையின்போது 17-3 எனப் பின்தங்கியிருந்தார்கள். பிறகு 24-17 என முந்தினார்கள். கடைசி நிமிடத்தில் எதிரணி கோல் கோட்டுக்கு ஒரு கெஜத்தில் நின்றது. நான்காவது, அதாவது கடைசி முயற்சியிலும் உள்ளே விடவில்லை. எனக்கு அந்த சீசன் திரும்பிய இடம் அதுதான். அதிலிருந்து தொடர்ந்து ஆறு வெற்றி.

பட்டியலில் இருந்த இடத்தை மட்டும் பார்ப்பதும் ஏமாற்றும். 10 வெற்றி, 6 தோல்வி. பிளேஆஃபில் ஐந்தாம் இடம். ஆனால் சொந்த மைதானத்தில் 3-5, வெளியில் 7-1! பிளேஆஃபில் தோற்றால் அன்றோடு வீட்டுக்குப் போகவேண்டியதுதான், தொடர் எதுவும் கிடையாது. அதில் எல்லா ஆட்டத்தையும் வெளியூரில் ஆடவேண்டிய அணிக்கு இந்தக் கணக்குதான் பேசும். டாம்பா பேயில் 24-14, டல்லாஸில் 21-17. உறையவைக்கும் குளிரில் கிரீன் பேயில் 23-20. அங்கே இரண்டு ஃபீல்ட் கோலை (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுப்பது) தவறவிட்ட லாரன்ஸ் டைன்ஸ்தான் கூடுதல் நேரத்தில் 47 கெஜத்திலிருந்து உதைத்து ஜெயிக்க வைத்தார்.

வழக்கமான சீசனில், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஈலை மேனிங் 20 இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பிடித்துக்கொள்வது) கொடுத்தவர். பிளேஆஃபின் நான்கு ஆட்டத்திலும் சேர்த்து ஒன்றே ஒன்று. சீசன் சராசரியைப் பிடித்துக்கொண்டு அவரைத் தள்ளிவைத்தவர்களுக்கு இது தெரியாமல் போனது.

அப்புறம், டிசம்பர் 29ஆம் தேதி ஆட்டம். பிளேஆஃப் இடம் உறுதியாகிவிட்டதால் முக்கிய வீரர்களுக்கு ஓய்வு கொடுத்திருக்கலாம். பயிற்சியாளர் டாம் காஃப்லின் கொடுக்கவில்லை. தோற்காத நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸிடம் 38-35 எனத் தோற்றார்கள். இதை வீண் தோல்வி என்று தள்ளாதீர்கள். இவர்களோடு சரிக்குச் சரி நிற்க முடியும் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

சரி, அதே பேட்ரியட்ஸோடு இறுதி ஆட்டம். அந்த சீசனில் 589 புள்ளிகள் குவித்துச் சாதனை படைத்த பேட்ரியட்ஸ் எடுத்தது வெறும் 14. அந்த அணியின் குவார்ட்டர்பேக் டாம் பிரேடியை ஜயன்ட்ஸ் வீரர்கள் ஐந்து முறை பந்தோடு தரையில் சாய்த்தார்கள். ஜஸ்டின் டக், மைக்கேல் ஸ்ட்ராஹான், ஓசி உமென்யோரா மூவரும் அவரை நிம்மதியாக நிற்கவே விடவில்லை. டைரியின் கேட்சுக்குப் பிறகும் ஜயன்ட்ஸ் பின்தங்கித்தான் இருந்தது. மூன்றாவது முயற்சியில், புதிய வாய்ப்புகள் பெற 11 கெஜம் தேவைப்பட்டபோது ஸ்டீவ் ஸ்மித் 12 கெஜம் எடுத்துக் கொடுத்தார். அதை யாரும் பேசுவதில்லை. அடுத்த பந்தில் பிளாக்சிகோ பர்ரஸ் கோல் கோட்டுக்கு அப்பால் பந்தைப் பிடித்து டச்டவுன், 17-14. கடிகாரத்தில் 35 விநாடி மிச்சம். பிரேடிக்கு அது போதும் என்று பயந்தவர்கள் உண்டு. புதுமுக வீரர் ஜே ஆல்ஃபர்ட் நடுவில் புகுந்து அவரை மறுபடியும் சாய்த்தார்.