தன் பெயரில் ஒரு கடிகாரம்: ரோஜர் ஸ்மித்தின் தொழில்வழியைப் பின்பற்றுவது எப்படி

தம் கையாலேயே கைக்கடிகாரம் செய்து, அதன் முகப்பில் தம் பெயரைப் பொறித்து விற்கும் நிலையை எப்படி அடைவது என்று கேட்பவர்களுக்கு நான் ரோஜர் ஸ்மித்தின் தொழில் வாழ்க்கையையே காட்டுவேன். 1970இல் இங்கிலாந்தின் போல்ட்டனில் பிறந்த அவர், இன்று ஐல் ஆஃப் மேன் தீவிலுள்ள சிறிய பட்டறையில் ஆண்டுக்கு இருபதைக்கூட எட்டாத எண்ணிக்கையில் கடிகாரங்களைச் செய்கிறார். அவற்றைப் பெற விரும்புவோர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். கடிகாரக்கலைப் பள்ளியில் சேர்ந்த நாளுக்கும் அவர் பெயரில் பட்டறை தொடங்கிய நாளுக்கும் இடையே ஏறத்தாழ 15 ஆண்டுகள் உள்ளன. அவற்றை அவர் எந்த வரிசையில் செலவிட்டார் என்பதையே இத்தொழிலுக்கு வருபவர் கூர்ந்து பார்க்க வேண்டும்.

முதலில் பழுதுபார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஸ்மித் பதினாறு வயதில் மான்செஸ்டரிலிருந்த கடிகாரக்கலைப் பள்ளியில் சேர்ந்து, 1989இல் பிரிட்டிஷ் கடிகாரக்கலைக் கழகத்தின் வெண்கலப் பதக்கத்தோடு படிப்பை முடித்தார். அந்தக் கழகம் அஞ்சல்வழிப் பயிற்சியும் நடத்துகிறது. சுவிட்சர்லாந்தில் நியூஷாத்தெலிலுள்ள வோஸ்டெப் இன்னொரு புகழ்பெற்ற பயிற்சி நிலையம். எங்கே படிப்பதாயினும், அதற்கு முன்பே சாவி கொடுத்து ஓடும் பழைய கடிகாரம் ஒன்றை வாங்கிப் பழகத் தொடங்கலாம். நம் ஊரில் இன்றும் கிடைக்கும் பழைய எச்.எம்.டி. ஜனதா இதற்குப் பொருத்தமானது. பாக்கெட் கடிகாரம் கிடைத்தால், உறுப்புகள் பெரியவை என்பதால், இன்னும் நல்லது. பிரிப்பதற்கு முன், கடிகாரத்தை ஓட்டும் சுருளான மெயின் ஸ்பிரிங்கின் முறுக்கை முழுவதும் தளர்த்திவிட வேண்டும்; தளர்த்தாமல், சக்கரங்களை மேலிருந்து பிடித்திருக்கும் தகடான பாலத்தைக் கழற்றினால் சக்கரங்கள் கட்டுக்கடங்காமல் சுழன்று அச்சு முனைகள் ஒடிந்துபோகும். ஒவ்வொரு திருகும் எங்கிருந்து வந்தது என்பதைப் படம் வரைந்து குறித்துக்கொள்ளுங்கள். மீண்டும் பூட்டும்போது சக்கரங்களின் அச்சு முனை அதைத் தாங்கும் சிறு மாணிக்கக் கல்லில் அமரும் இடத்துக்குத் துளி எண்ணெய் போதும்; சக்கரத்தொடரின் பற்களிலோ, மயிரிழை போன்ற சுருளான ஹேர் ஸ்பிரிங்கிலோ எண்ணெய் படக் கூடாது. ஒரே கடிகாரத்தைப் பத்து முறை பிரித்துப் பூட்டுவது சலிப்பான வேலைதான். ஆனால் எந்த உறுப்பு எதைத் தள்ளுகிறது என்பதை விரல் அறிவது அப்போதுதான்.

அடுத்தது உறுப்பைச் செய்யும் பயிற்சி. அரத்தால் ஓர் உலோகத் துண்டைத் துல்லியமான சதுரமாக ராவப் பழகுங்கள். பிறகு, முன்னும் பின்னும் ஊசலாடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சைச் சிறு லேத்தில் கடையப் பழகுங்கள். அதன் முனை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு மெலிந்தது. முதல் முயற்சிகளில் ஒடிந்துகொண்டேதான் இருக்கும். எஃகை வெட்டி வடிவம் கொடுத்ததும் செஞ்சூடாகக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் அது கண்ணாடிபோல் கடினமாகும், அதேசமயம் எளிதில் உடையும். ஆகவே மேற்பரப்பைப் பளிச்சென்று துலக்கிவிட்டு மறுபடி மெல்லச் சூடேற்ற வேண்டும். வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா என மாறி, ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸில் ஆழ்ந்த நீலம் பூக்கும் கணத்தில் நெருப்பிலிருந்து எடுத்துவிட்டால் எஃகில் உரமும் நெகிழ்வும் சேர்ந்து நிற்கும். உயர்ந்த கடிகாரங்களில் நீலமாக மின்னும் முட்களும் திருகுகளும் இந்தத் தோய்ச்சலில் பிறந்தவை. நம் கொல்லர்கள் அரிவாளுக்கு நிறம் பார்த்துப் பதம் வைப்பதும் இதே அறிவுதான்.

இத்தனையையும் ஒரே ஆள் கற்பது தேவையா என்ற கேள்வி எழும். ஜார்ஜ் டேனியல்ஸ் தேவை என்றார். 1926இல் பிறந்து, வறுமையில் வளர்ந்து, பழுதுபார்ப்பவராக வாழ்க்கையைத் தொடங்கி, பாரிஸின் புகழ்பெற்ற கடிகாரக் கலைஞர் பிரெகேயின் பழைய கடிகாரங்களைச் சீரமைத்தே தம்மை உருவாக்கிக்கொண்ட ஆங்கிலேயர் அவர். மரபாகக் கடிகாரம் செய்வதில் அடங்கிய 34 கைத்தொழில்களில் 32ஐ ஒருவரே கற்றுத் தேர்வதே இன்று டேனியல்ஸ் முறை எனப்படுகிறது. ஸ்மித் மாணவராக இருந்தபோது டேனியல்ஸ் அந்தப் பள்ளிக்கு வந்து தாம் செய்த கடிகாரத்தைக் காட்டினார். அன்றே ஸ்மித்தின் பாதை முடிவாகிவிட்டது.

இனி வருவதுதான் இந்த வரலாற்றில் மிக முக்கியமான பகுதி. படிப்பை முடித்த ஸ்மித், டூர்பியான் பொருத்திய பாக்கெட் கடிகாரம் ஒன்றைத் தாமே செய்து, தம் இருபத்திரண்டாம் வயதில் டேனியல்ஸிடம் கொண்டுபோனார். பேலன்ஸ் சக்கரத்தையும், ஸ்பிரிங்கின் விசையைச் சிறுசிறு அடியாக அதற்கு அளந்து விடும் எஸ்கேப்மென்டையும் ஒரு கூண்டிலிட்டுச் சுழலவிட்டு, புவியீர்ப்பால் நேரும் பிழைகளைச் சமன்செய்யும் அமைப்பு டூர்பியான்; 1801இல் பாரிஸில் பிரெகே காப்புரிமை பெற்றது. அந்த வயதில் அதைச் செய்து முடித்ததே பெரிய காரியம். எனினும் டேனியல்ஸ் அதை ஏற்கவில்லை. கையால் செய்த சுவடு அதில் மிகுதியாகத் தெரிகிறது, நல்ல கடிகாரம் எவர் கையும் படாமல் தானாகவே உருவானதுபோல் இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. கைவேலை என்றால் அதன் கோணல்களையும் சேர்த்தே ரசிக்க வேண்டும் என்று இன்று பலர் நம்புகிறார்கள். கடிகாரத்தைப் பொறுத்தவரை டேனியல்ஸ் சொன்னதே சரி என்பது என் உறுதியான எண்ணம். விளிம்பில் நின்ற அரத்தின் தடமும் மழுங்கிய மூலையும், செய்தவர் அந்த இடத்தில் போதும் என்று நிறுத்திவிட்டதையே காட்டுகின்றன.

ஸ்மித் மறுபடி தொடங்கினார். இரண்டாவது கடிகாரத்துக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயின. டூர்பியானோடு, லீப் ஆண்டையும் கணக்கில் கொள்ளும் நிரந்தர நாட்காட்டியையும் அதில் சேர்த்தார். கை தேறத் தேற, முதலில் செய்த உறுப்புகள் பின்னர் செய்தவற்றோடு பொருந்தாமல் தரம் தாழ்ந்து தெரிந்தன. அவற்றை எறிந்துவிட்டுத் திரும்பச் செய்தார். முடித்து எடுத்துச் சென்றபோது, எஸ்கேப்மென்டைச் செய்தது யார், கடிகாரத்தின் வெளிக்கூட்டைச் செய்தது யார் என்று டேனியல்ஸ் ஒவ்வோர் உறுப்பாகக் கேட்டார். நான்தான் என்பதே ஒவ்வொன்றுக்கும் பதில். அதன் பிறகே அவரைக் கடிகாரக் கலைஞர் என்று ஏற்று வாழ்த்தினார். எனவே உங்கள் முதல் கடிகாரத்தை, உங்களைவிடத் தேர்ந்தவரும் முகத்துக்காகப் பேசாதவருமான ஒருவரிடம் காட்டுங்கள். இரண்டாவதைச் செய்யும்போது பாதியில் நின்று, தொடக்கத்தில் செய்த உறுப்பையும் கடைசியாகச் செய்ததையும் லூப் எனும் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் அருகருகே வைத்துப் பாருங்கள். வேறுபாடு கண்ணில் பட்டால் பழையதைத் திரும்பச் செய்யத் தயங்காதீர்கள்.

தேர்ச்சி பெற்ற உடனேயும் தனிக்கடை போட்டுவிடக் கூடாது. டேனியல்ஸ் 1970களில் உருவாக்கிய கோ-ஆக்ஸியல் எஸ்கேப்மென்டை ஒமேகா நிறுவனம் 1999இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. வழக்கமான லீவர் எஸ்கேப்மென்டில் சக்கரத்தின் பல் கல்லின்மேல் வழுக்கிக்கொண்டே விசையைத் தருவதால் எண்ணெய் இன்றியமையாதது, எண்ணெய் தடித்தால் நேரமும் பிசகும். ஒரே அச்சில் இரு சக்கரங்களை அமைத்து அந்த உராய்வைப் பெரிதும் குறைத்தார் டேனியல்ஸ். இதைக் கொண்டாடத் தாம் செய்த மில்லேனியம் வரிசைக் கடிகாரங்களுக்கு உதவ ஸ்மித்தைத் தாம் வாழ்ந்த ஐல் ஆஃப் மேன் தீவுக்கு அழைத்தார். 1998 முதல் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஸ்மித் இன்னொருவர் பெயர் தாங்கிய கடிகாரங்களுக்காக உழைத்தார். ஒரே வேலையை ஒரே தரத்தில் திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கம் அப்படிப்பட்ட இடத்தில்தான் வரும். தொழில் நடத்துபவருக்கு அது இல்லாமல் முடியாது.

2001இல் சொந்தப் பட்டறை தொடங்கியபோது அவர் வெளியிட்ட முதல் வரிசையில் ஒன்பதே கடிகாரங்கள். இயங்குபொறி முழுவதும் தம் பட்டறையிலேயே உருவான இரண்டாம் வரிசை 2006இல்தான் வந்தது. 2010இல், கோ-ஆக்ஸியலின் இரு சக்கரங்களையும் ஒன்றாக்கித் தம் பங்கையும் அந்தக் கண்டுபிடிப்பில் சேர்த்தார். 2011இல் மறைந்த டேனியல்ஸ், தம் பட்டறையை ஸ்மித்துக்கே விட்டுச்சென்றார். பட்டறையை நடத்தப் பணம் வேண்டியிருந்ததால் ஸ்மித் விற்றுவிட்ட அந்த இரண்டாவது பாக்கெட் கடிகாரம், 2023இல் நியூயார்க்கில் பிலிப்ஸ் ஏலத்தில் 49 லட்சம் டாலருக்குப் போனது.

தொடங்கும்போது நீங்களும் ஒரே மாதிரியில் சில கடிகாரங்களுக்கு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். செய்து முடிக்கக்கூடிய காலத்தைவிடக் கூடுதலாகவே வாங்குபவரிடம் அவகாசம் கேளுங்கள். ஒவ்வோர் உறுப்பின் அளவையும், எந்த எஃகு, எந்த நிறத்தில் பதம் நிறுத்தப்பட்டது என்பதையும் ஒரு நோட்டில் அன்றன்றே எழுதி வையுங்கள். நாற்பது ஆண்டு கழித்து அந்தக் கடிகாரம் பழுதாகி யாரோ ஒருவரின் மேசைக்கு வரும்போது, ஒடிந்த அச்சைத் திரும்பக் கடைய அவருக்கு அந்த நோட்டு வேண்டியிருக்கும்.