எதிர்ப்புரோட்டான் வளையத்தில் சராசரி லூமினோசிட்டியைக் கணக்கிடுவது எப்படி?

சேமிப்பு வளையச் சோதனைகளைப் பற்றி எதைப் படித்தாலும் முதலில் கண்ணில் படுவது உச்ச லூமினோசிட்டிதான் (லூமினோசிட்டி என்பது ஒரு நொடியில் எவ்வளவு மோதல் வாய்ப்பு கிடைக்கிறது என்பதன் அளவு). ஆனால் ஒரு நாளில் எத்தனை நிகழ்வுகள் தேறும் என்பதைச் சராசரிதான் தீர்மானிக்கிறது, ஏனென்றால் கற்றை (வளையத்தில் சுற்றிவரும் துகள் கூட்டம்) இலக்கில் மோதி மோதித் தேய்ந்துகொண்டே போகும், வளையத்தை மறுபடி நிரப்பும் நேரத்தில் தரவே வராது. கணக்குக்கு ஒரு கால்குலேட்டர் போதும். உதாரணத்துக்கு, ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் உருவாகிவரும் ஃபேர் என்ற துகள் முடுக்கி வளாகத்தில் பாண்டா என்ற எதிர்ப்புரோட்டான் சோதனைக்கென வடிவமைத்த ஹெச்இஎஸ்ஆர் வளையத்தை எடுத்துக்கொள்வோம்.

படி 1: உச்ச மதிப்பு

லூமினோசிட்டி = துகள் எண்ணிக்கை × சுற்று அதிர்வெண் × இலக்கின் தடிமன்

வளையத்தின் சுற்றளவு 575 மீட்டர். 15 ஜிஇவி (துகள் இயற்பியலின் அலகு) உந்தத்தில் எதிர்ப்புரோட்டான் (புரோட்டானின் எதிர்த்துகள்) கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் போவதால் நொடிக்குச் சுமார் 5.2 × 10⁵ சுற்றுகள் வரும். வடிவமைப்பின்படி துகள்கள் 10¹¹. ஹைட்ரஜன் இலக்கின் தடிமன் சதுர செ.மீ.க்கு 4 × 10¹⁵ அணுக்கள் (தடிமன் என்றால் இங்கே நீளம் இல்லை, கற்றை கடக்கும் வழியில் ஒரு சதுர செ.மீ.க்கு எத்தனை அணுக்கள் என்பது). பெருக்கினால் ஒரு சதுர செ.மீ.க்கு, ஒரு நொடிக்கு 2.08 × 10³². கீழே லூமினோசிட்டி என்று வரும் இடமெல்லாம் இதே அலகுதான்.

படி 2: கற்றையின் ஆயுள்

ஒரு துகள் ஒரு நொடியில் தொலைந்துபோகும் வாய்ப்பு = சுற்று அதிர்வெண் × தடிமன் × குறுக்குவெட்டு (மோதல் நடக்கும் வாய்ப்பைப் பரப்பளவாகச் சொல்லும் அளவு). இதன் தலைகீழ்தான் ஆயுள். இந்த உந்தத்தில் எதிர்ப்புரோட்டான்–புரோட்டான் மொத்தக் குறுக்குவெட்டு சுமார் 50 மில்லிபார்ன், அதாவது 5 × 10⁻²⁶ சதுர செ.மீ. போட்டுப் பார்த்தால் ஆயுள் ஏறக்குறைய 9,600 நொடி. கூலம் சிதறல் (மின்விசையால் துகள் திசை மாறுவது), இலக்கில் ஆற்றல் இழப்பு என்று வேறு இழப்புகளும் உண்டு, அதனால் உண்மை ஆயுள் இதைவிடக் குறைவாகவே இருக்கும். உந்தம் குறையக் குறைய இந்த இழப்புகள் பலமாகிவிடும், 1.5 ஜிஇவி பக்கம் போனால் அவற்றை ஒதுக்கவே முடியாது.

படி 3: சராசரி

சராசரி = உச்சம் × ஆயுள் × (1 − எக்ஸ்ப்(−ஓட்ட நேரம் ÷ ஆயுள்)) ÷ (ஓட்ட நேரம் + தயாரிப்பு நேரம்)

எக்ஸ்ப் என்பது கால்குலேட்டரின் eˣ பொத்தான். ஓட்ட நேரம் என்பது மோதல் நடக்கும் நேரம். தயாரிப்பு நேரம் என்பது துகள்களை உள்ளே விட்டு, குளிர்வித்து (அவற்றின் வேகச் சிதறலைக் குறைத்து), வேண்டிய உந்தத்துக்குக் கொண்டுவர ஆகும் நேரம். அதை 600 நொடி என்று வைத்துக்கொள்வோம். சரி, ஓட்டத்தை எப்போது நிறுத்துவது? சீக்கிரம் நிறுத்தினால் பாதி நேரம் தயாரிப்பிலேயே போகும், இழுத்துக்கொண்டே போனால் தேய்ந்த கற்றையோடு காலம் தள்ள வேண்டும். இதற்கு அழகான ஒரு விதி உண்டு: அந்தக் கணத்து லூமினோசிட்டி இறங்கிவந்து, தயாரிப்பு நேரத்தையும் சேர்த்த சராசரியைத் தொடும்போது நிறுத்த வேண்டும். அதற்குமேல் ஓட்டும் ஒவ்வொரு நொடியும் சராசரியைக் கீழேதான் இழுக்கும். தோராயமாக, 2 × ஆயுள் × தயாரிப்பு நேரம் என்பதன் வர்க்கமூலம்: சுமார் 3,400 நொடி. துல்லியமாகத் தீர்த்தால் 3,200. அப்போது சராசரி, உச்சத்தில் 0.716 பங்கு, அதாவது 1.49 × 10³².

படி 4: உற்பத்தி தாங்குமா?

புதிதாகக் கணக்குப் போடுகிறவர்கள் அதிகம் தவறவிடும் இடம் இது. 3,200 நொடியில் நிறுத்தும்போது கற்றையில் இன்னும் 71 சதவீதத்துக்கு மேல் மிச்சம் இருக்கும். அதை வெளியே கொட்டிவிட்டுப் புதிதாக 10¹¹ துகள் ஏற்றினால், 3,800 நொடிக்கு ஒருமுறை 10¹¹ வேண்டும், நொடிக்கு 2.6 × 10⁷. வடிவமைப்பில் உற்பத்தி வீதம் நொடிக்கு 2 × 10⁷தான். ஆகவே சுழற்சியை 5,000 நொடிக்கு நீட்டியாக வேண்டும், அதில் ஓட்டம் 4,400. மறுபடி சூத்திரத்தில் போட்டால் சராசரி 1.47 × 10³². ஓட்ட நேரத்தை இவ்வளவு மாற்றியும் இழப்பு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல்தான்! உச்சிக்குப் பக்கத்தில் வளைவு அவ்வளவு தட்டையானது, அதனால் நிறுத்தும் நேரத்தை நொடி சுத்தமாகத் தேடி மெனக்கெட வேண்டாம். மிச்சக் கற்றையைக் கொட்டாமல் அதன்மேலேயே நிரப்ப முடிந்தால் இந்தக் கட்டுப்பாடே தளர்ந்துவிடும், தொலைந்ததை மட்டும் ஈடுகட்டினால் போதும்.

இன்னொரு சரிபார்ப்பு: உற்பத்தி வீதம் ÷ குறுக்குவெட்டு = 4 × 10³². இலக்கை எவ்வளவு தடிமனாக்கினாலும் நீண்டகாலச் சராசரி இந்தக் கூரையைத் தாண்டாது, ஏனென்றால் உண்டாகாத துகளை மோதவைக்க முடியாது. உங்கள் விடை இதைத் தாண்டினால் எங்கோ பத்தின் அடுக்கு பிசகியிருக்கிறது.

படி 5: ஒரு நாள் கணக்கு

1.47 × 10³² ஐ 86,400 ஆல் பெருக்கினால் 1.27 × 10³⁷, அதாவது நாளுக்குச் சுமார் 12.7 தலைகீழ் பிகோபார்ன் (ஒரு தலைகீழ் பிகோபார்ன் என்றால் சதுர செ.மீ.க்கு 10³⁶). இயந்திரம் பாதி நேரம்தான் வேலை செய்யும் என்று கொண்டால் அதில் பாதி.

அப்புறம் ஒன்று. கற்றை தேயத் தேய இலக்கின் தடிமனை ஏற்றிக்கொண்டே போனால் படி 3ன் சூத்திரம் செல்லாது. அமெரிக்காவின் ஃபெர்மிலாப் ஆய்வுக்கூடத்தின் ஆக்குமுலேட்டர் வளையத்தில் நடந்த இ835 சோதனையில் ஹைட்ரஜன் ஜெட்டின் அடர்த்தியை அப்படித்தான் கூட்டி, லூமினோசிட்டியை ஏறக்குறைய நிலையாக வைத்திருந்தார்கள். அங்கே சராசரி = நிலையான மதிப்பு × ஓட்ட நேரம் ÷ முழுச் சுழற்சி நேரம். எண்ணிக்கையும் அடுக்குக்குறியாகக் குறையாது, நேர்கோடாகக் குறையும்.