பிள்ளைகளுக்கான ஜே.கே.எம். உதவித்தொகை: பாரம் முதல் வீட்டு வருகை வரை

மலேசியாவில் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) வாங்குகிறவர்கள் பலர், “சம்பளம்தான் வருதே, நமக்கு வெல்ஃபேர் கொடுக்க மாட்டாங்க” என்று தாங்களே முடிவு கட்டிவிடுகிறார்கள். 1,700 என்பது 2025-இல் வந்த குறைந்தபட்சச் சம்பளம். வறுமைக் கோட்டு வருமானமோ 2022 கணக்குப்படி ஒரு குடும்பத்துக்குச் சராசரியாக 2,589 வெள்ளி. குடும்பத்தின் அளவைப் பொறுத்துக் கொஞ்சம் ஏறி இறங்கும். 2020 வரை 980 என்றே வைத்திருந்தார்கள். அந்தப் பழைய எண்தான் இன்னும் பலர் மனசில் நிற்கிறது. ஒரே சம்பளத்தில் பிள்ளைகளை வளர்ப்பவர்கள் கூச்சமில்லாமல் விண்ணப்பித்துப் பார்க்கலாம்.

சமூக நல இலாகா (ஜே.கே.எம்.) தரும் இந்த உதவிக்கு மலாயில் ‘பந்துவான் கானாக்-கானாக்’ என்று பெயர். 2025 வரவு செலவுத் திட்டத்தில் தொகையை உயர்த்தினார்கள்: 6 வயது வரை மாதம் 250 வெள்ளி, 7 முதல் 18 வரை 200, ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் 1,000. கணவரை இழந்த என் அத்தை மகளுக்கு 4, 9, 12 வயதில் மூன்று பிள்ளைகள். ஆக 650. அவருக்காக அலைந்ததில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படி 1: எந்த அலுவலகம்?

நீங்கள் இப்போது குடியிருக்கும் மாவட்டத்தின் அலுவலகம். பினாங்கு பெருநிலத்தில் இதில் ஒரு சிக்கல் உண்டு. பட்டர்வொர்த் வட செபராங் பிறையில் இருக்கிறது. ஆற்றைத் தாண்டிப் பிறைக்கு வந்தால் அது மத்திய செபராங் பிறை. இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர், ஆனால் அலுவலகம் வேறு. ஐசியில் (அடையாள அட்டையில்) பழைய தோட்டத்து முகவரியே இருந்தால், இப்போதைய முகவரிக்குத் தண்ணீர் பில்லோ வாடகை ஒப்பந்தமோ கொண்டுபோங்கள்.

படி 2: பாரமும் நகல்களும்

விண்ணப்பப் பாரத்தின் பெயர் ஜே.கே.எம். 18. இணையத்திலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் முதல் தடவை என்றால் நான் காகிதத்தின் பக்கம்தான். கவுண்டரில் கொடுத்தால் என்ன குறைகிறது என்று அங்கேயே சொல்லிவிடுவார்கள்.

உங்கள் ஐசி, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், தேவைப்பட்டால் கணவரின் மரணப் பத்திரம் அல்லது விவாகரத்துப் பத்திரம், பள்ளியின் உறுதிக் கடிதம், வங்கிப் புத்தகம். எல்லாவற்றிலும் நகல் ஒன்று, அசலும் கையோடு. பிள்ளைவாரியாகப் பிரித்து கிளிப் போடுங்கள். ஸ்டேப்ளர் வேண்டாம், கவுண்டரில் பிரிக்கும்போது கிழிகிறது. வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அச்செடுத்துக் கொடுக்காதீர்கள், எண்கள் மங்கிவிடும்.

பிறப்புப் பத்திரத்தில் குடியுரிமை வரியை வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். அப்பா பெயர் இல்லாதது பெரிய தடையில்லை. ‘புக்கான் வார்காநெகாரா’ (குடிமகன் அல்ல) என்று இருந்தால்தான் சங்கடம், ஏனென்றால் இந்த உதவி குடிமக்களுக்கு மட்டும். கோயிலில் தாலி கட்டிவிட்டுத் திருமணத்தைப் பதியாமல் விட்ட குடும்பங்களில், அதுவும் அம்மா வெளிநாட்டவராக இருந்தால், இது நடக்கிறது. அப்படியென்றால் முதலில் போக வேண்டிய இடம் தேசியப் பதிவிலாகா. அரசியலமைப்பின் 15ஏ பிரிவின் கீழ், வயது வரம்புக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

படி 3: வருமானக் கடிதம்

நாங்கள் மாட்டிக்கொண்டது இங்கேதான். அத்தை மகள் ஒரு சாப்பாட்டுக் கடையில் நாள் கூலிக்குப் பாத்திரம் கழுவுகிறார். சிலிப் காஜி (சம்பளச் சீட்டு) எல்லாம் கிடையாது. கடைக்காரர் நல்ல மனசோடு எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: “நாளுக்கு 50 வெள்ளி சம்பளம்.” இதை வாங்கிப் பார்க்கிறவர் 26-ஆல் பெருக்கினால் 1,300. ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வேலை கிடையாது. உண்மையில் மாதம் 18 நாள் தேறினால் பெரிது. அதாவது 900. கடிதம் திரும்பி வந்தது, மாதக் கணக்கு வேண்டும் என்று.

ஆகவே கடிதத்தில் இவை இருக்கட்டும்: வேலை செய்பவரின் பெயர், ஐசி எண், என்ன வேலை, எப்போதிலிருந்து, மாதம் சராசரியாக எத்தனை நாள், மாத வருமானம் எவ்வளவு, ரொக்கமா வங்கி வழியா. கீழே முதலாளியின் பெயர், ஐசி எண், தொலைபேசி, கையெழுத்து. கடைக்கு முத்திரை இருந்தால் குத்தச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிற முதலாளிக்கு, “வரி விஷயம் இல்லை, அண்ணே, வெல்ஃபேருக்குத்தான்” என்று விளக்கினால் பெரும்பாலும் இறங்கி வருவார்.

வீட்டிலேயே பலகாரம் சுட்டு விற்பவர்களுக்கு முதலாளி ஏது? அவர்கள் தங்கள் வருமானத்தைத் தாங்களே எழுதி, கிராமத் தலைவரிடமோ சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்திலோ உறுதி செய்து வாங்கலாம்.

படி 4: வங்கிக் கணக்கு

உங்கள் சொந்தப் பெயரில், உயிரோடு இருக்கும் கணக்கு. ஒரு வருடமாகத் தொடாத கணக்கு செயலிழந்திருக்கும். முதலில் பத்து வெள்ளி போட்டுப் பாருங்கள்.

படி 5: வீட்டு வருகை

அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். அதற்காகத் தொலைக்காட்சியை அண்டை வீட்டில் ஒளித்து வைப்பதெல்லாம் தேவையில்லாத வேலை. அண்ணன் மாதம் 200 வெள்ளி தருகிறார் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். புது எண்ணிலிருந்து வரும் அழைப்பை எடுங்கள். நம் ஆட்கள் ‘ஸ்கேம்’ என்று வெட்டிவிடுகிறோம்.

பின்சேர்க்கை

“எஸ்.டி.ஆர். வாங்குகிறேன், இது கிடைக்குமா?” என்று சிலர் கேட்டிருந்தீர்கள். எஸ்.டி.ஆர். என்ற ரொக்க உதவி வருமான வரி வாரியம் தருவது, இது ஜே.கே.எம். தருவது. ஒன்றுக்குப் போட்ட விண்ணப்பம் இன்னொன்றுக்குத் தானாகப் போகாது. இரண்டுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும்.

“கணவர் விட்டுப் போய்விட்டார், விவாகரத்து ஆகவில்லை” என்று ஒரு சகோதரி எழுதியிருந்தார். எங்கள் அடுக்குமாடியில் இதே நிலையில் இருந்தவர் போலீஸ் புகாரின் நகலோடு ஒரு சத்தியப் பிரமாணக் கடிதமும் கொடுத்தார், ஏற்றுக்கொண்டார்கள். அலுவலகத்துக்குப் போகும் முன் சந்தேகம் என்றால் தாலியான் காசே என்ற அரசு உதவித் தொலைபேசி எண் 15999-ஐ அழையுங்கள். இரவிலும் எடுப்பார்கள்.