சென்சார் வாங்கும் முன் வால்வு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

மத்திய அரசின் ஸ்மார்ட் சிட்டி திட்டம் 2015 ஜூனில் தொடங்கி 2025 மார்ச்சோடு முடிந்துவிட்டது. மொத்தம் நூறு நகரங்கள், அதில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று தமிழ்நாட்டில் 11. திட்டம் முடிந்தாலும் ஆசை விடவில்லை. சென்சார், எல்லாத் தகவலையும் ஒரே திரையில் காட்டும் டேஷ்போர்டு, கேமரா என்று சின்ன நகராட்சிகளுக்கும் யாராவது கொண்டுவந்து காட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள். உங்கள் ஊர் மன்றத்துக்கு அப்படி ஒரு தீர்மானம் வந்தால், பெரிய நகரங்கள் சறுக்கிய இடங்களை ஒருமுறை பார்த்துவிட்டுக் கை தூக்கும்படி உறுப்பினர்களிடம் சொல்லுங்கள்.

பொருளை வாங்கிவிட்டு அதற்கு வேலை தேடுவதுதான் எல்லா ஊரிலும் நடக்கிற தவறு. குப்பைத் தொட்டி நிரம்பினால் தகவல் அனுப்பும் சென்சாரை எடுத்துக்கொள்ளுங்கள். இருப்பதே ஒரு லாரி, அதுவும் காலையில் ஒரு சுற்றுதான் என்றால், பதினோரு மணிக்குத் தொட்டி நிரம்பிவிட்டது என்று தெரிந்து என்ன செய்யப்போகிறீர்கள்? இதில் வேடிக்கை என்னவென்றால், வீடு வீடாகப் போய்த் தரம் பிரித்து வாங்குங்கள் என்று திடக்கழிவு விதிகள் 2016-லேயே சொல்லிவிட்டன. தெருத்தொட்டியை எடுக்க வேண்டிய நேரத்தில் அதற்குச் சென்சார்!

அடுத்தது பதிவேடு. குடிநீர்க் குழாயில் அளவுமானி பொருத்தி எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்கலாம், நல்ல விஷயம்தான். ஆனால் பல ஊர்களில் குழாய் எந்த வழியாகப் போகிறது, எந்த வால்வை மூடினால் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் இருபது வருடமாகத் தண்ணீர் திறந்துவிடுகிறவரின் தலைக்குள்தான் இருக்கிறது. அவர் ஓய்வு பெறுவதற்குள் அவரோடு நாலு நாள் நடந்து வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள், பெரிய செலவில்லை. அது இல்லாமல் சென்சார் மாட்டினால் கசிவு திரையில் தெரியும், தெருவில் எங்கே தோண்டுவது என்று தெரியாது.

சரி, இதையெல்லாம் விடப் பெரிய சிக்கல் அதிகாரம். 74-வது அரசியல் சட்டத் திருத்தம் 18 பணிகளைப் பட்டியல் போட்டது, நகர அமைப்புகளுக்குக் கொடுக்கலாம் என்று; எதை எவ்வளவு கொடுப்பது என்பது மாநில அரசின் கையில் இருக்கிறது. நடைமுறையில் சிக்னல் போலீசிடம், மின்சாரம் வாரியத்திடம், பேருந்து போக்குவரத்துக் கழகத்திடம், சென்னையில் குடிநீர்கூடத் தனி வாரியத்திடம். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் சேர்ந்த நூறு நகரங்களிலும், ஊர் நிலவரத்தை ஒரே இடத்தில் திரையில் பார்க்கிற ஒருங்கிணைந்த கட்டுப்பாட்டு மையம் வந்துவிட்டது. ஆனால் அந்தத் திரையில் நெரிசலைப் பார்க்கிற மாநகராட்சி ஊழியர், போலீஸ் சம்மதிக்காமல் ஒரு சிக்னலை மாற்ற முடியாது. அதனால் டெண்டர் விடுவதற்கு முன்னால் அந்தந்தத் துறையோடு எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள்: எந்தத் தரவு வரும், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வரும், புகார் வந்தால் யார் வண்டி எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். வாய்வார்த்தை கலெக்டர் மாறினால் போய்விடும்.

அப்புறம், மன்றத்தை ஒதுக்கிவிட்டு வேலையை நடத்துவது. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தை நடத்தியவை மாநில அரசும் மாநகராட்சியும் பாதிப் பாதி பங்கு வைத்திருந்த தனி நிறுவனங்கள். வேகமாக வேலை நடக்கும் என்பது காரணம். தமிழ்நாட்டில் 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரி தேர்தல் வரை நகர்ப்புறங்களில் கவுன்சிலர்களே கிடையாது, அதாவது திட்டத்தின் முக்கியமான வருடங்கள் முழுக்க. எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் தேங்கும் என்று வார்டு உறுப்பினருக்குத் தெரிகிற அளவுக்குக் கன்சல்டன்டுக்குத் தெரியாது என்பது என் எண்ணம். வேகம் கிடைத்ததா என்றால், ஐந்து வருடத் திட்டம் பத்து வருடம் இழுத்தது.

பணத்துக்கு வருவோம். ஒரு நகரத்துக்கு மத்திய அரசு 500 கோடி, அதே அளவு மாநிலமும் உள்ளாட்சியும். இது கட்டுவதற்கான பணம். பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்த பிறகு கேமராக்களின் சிம் கட்டணம், சர்வர் லைசென்ஸ், மழையில் போன பெட்டி எல்லாம் சொத்து வரியிலிருந்துதான் வர வேண்டும். ஒப்பந்தம் முடிந்த மறுவருடத்துக்கு எவ்வளவு ஆகும் என்று மன்றத்தில் கேளுங்கள், பதில் வரவில்லை என்றால் தள்ளி வையுங்கள். தெருவிளக்கு, கட்டட அனுமதி எல்லாம் பார்க்கிற பொறியாளர் தலையிலேயே இதையும் கட்டுவது ஆளே போடாததற்குச் சமம்.

தரவு யாருடையது என்பதை முதலில் எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் சான் டியேகோவைப் பாருங்கள். 2016-ல் மின்சாரம் மிச்சம், போக்குவரத்துக் கணக்கு என்று சொல்லி தெருவிளக்கில் கருவி வைக்க ஒப்புதல் கொடுத்தார்கள். பிறகு வைத்த கருவியில் கேமரா இருந்தது, பதிவுகளைப் போலீஸ் பயன்படுத்தியது, மக்களுக்கு விஷயம் பின்னால்தான் தெரிந்தது. எதிர்ப்பு கிளம்பி, 2020-ல் மேயர் கேமராக்களை நிறுத்தச் சொன்னார். நம்மிடம் 2023-ல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது, ஆனால் ஒப்பந்தக்காரர் போகும்போது தரவையும் கடவுச்சொல்லையும் ஒப்படைக்க வேண்டும் என்ற வரியை டெண்டரில் எழுதுவது உங்கள் வேலை.

கடைசியாக, கணினித் தாக்குதல். 2018 மார்ச்சில் அமெரிக்காவின் அட்லாண்டா நகராட்சியின் கணினிகளை ஹேக்கர்கள் முடக்கி, விடுவிக்க சுமார் 51,000 டாலர் மதிப்புக்குப் பிட்காயின் என்ற டிஜிட்டல் பணம் கேட்டார்கள். கட்டணம் வசூலிக்கிற வேலையெல்லாம் நின்றுபோனது. நம் நாட்டில் இப்படி ஏதாவது நடந்தால் 6 மணி நேரத்துக்குள், கணினித் தாக்குதல்களைக் கவனிக்கிற மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 முதல் விதி. ராத்திரி இரண்டு மணிக்கு உங்கள் நகராட்சியில் அந்த போனைப் போட வேண்டியவர் யார் என்று கமிஷனரிடம் கேட்டுப் பாருங்கள்.